கழுவுமுன் கேட்டறிவோம்

(மகாவீர ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளுள் ஞானத்தின் பின்னரே ஒழுக்கம் வைக்கப்பட்டுள்ளது. அறியாது செய்யும் செயல், நல்லெண்ணத்தோடு செய்யினும் கேடு பயக்கும். இதற்கு எடுத்துக்காட்டாக இன்று நான் கொள்வது, பழம்பெட்டிகளில் கழுவப்படாமல் உறங்கும் ஃபிலிம் சுருள்.

முன்னாளில் தேர்த் திருவிழாவையும் தீர்த்த யாத்திரையையும் சிலர் ஸ்லைடு ஃபிலிமில் படமெடுத்தனர். நெகட்டிவ் ஃபிலிமும் ஸ்லைடு ஃபிலிமும் புறத்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். கழுவும் முறையோ வேறு. வண்ண நெகட்டிவுக்கு உரியது சி-41. ஸ்லைடுக்குப் பெரும்பாலும் ஈ-6.

ஈ-6 முறையில் முதற்கரைசல், ஒளி பட்ட துகள்களைக் கரிய வெள்ளியாக்கும். எஞ்சிய துகள்களிலேயே பின்வரும் கரைசல் வண்ணம் உண்டாக்கும். பின்பு வெள்ளி முழுதும் நீக்கப்பட, இயல்பான வண்ணப் படம் நிற்கும். அச்சுருளைத் தவறிச் சி-41 கரைசலில் இட்டால், ஒளி பட்ட இடத்திலேயே நேரே வண்ணம் ஏறும். ஸ்லைடு கிடைக்காது, நெகட்டிவே கிடைக்கும். வெளிச்சமும் நிழலும் மிகைப்பட்டு, நிறங்கள் திரிந்திருக்கும். வெள்ளி நீங்கிவிட்டபடியால் அதனை மீண்டும் ஸ்லைடாக்க இயலாது. ஆயினும் ஸ்கேன் செய்து ஒருவாறு படம் காணலாம். இத்திரிபை விரும்பியே செய்த புகைப்படக் கலைஞரும் உளர்.

கோடாக்குரோம் சுருளுக்கு அந்த ஆறுதலும் இல்லை. கோடக் நிறுவனம் 1935இல் வெளியிட்ட அந்த ஃபிலிமில், வண்ணத்தைப் பிறப்பிக்கும் பொருள் சுருளில் இராது; கழுவும்போதே சேர்க்கப்படும். பிற்காலத்தில் அம்முறைக்குக் கே-14 என்று பெயர். சி-41இல் இட்டால் வண்ணம் பிறவாது, வெள்ளியும் நீங்கிவிடும், எஞ்சுவது வெற்றுச் சுருளே. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், பார்சன்ஸ் என்னும் ஊரிலுள்ள ட்வெயின்ஸ் ஃபோட்டோ நிலையமே கோடாக்குரோம் கழுவிய கடைசி நிலையம். 2010 டிசம்பர் 30ஆம் நாளோடு அதுவும் சுருள்களைப் பெறுவதை நிறுத்தியது. இனி அவற்றைக் கறுப்பு வெள்ளைக் கரைசலில் கழுவினால், வண்ணம் போயினும் உருவமாவது மீளும்.

சீவக சிந்தாமணியின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. உ. வே. சாமிநாதையருக்கு ஏடு கிடைத்தது. ஆனால் சமணக் கருத்துகள் விளங்கவில்லை. தம் ஊகத்தால் பொருள் கூறாமல், கும்பகோணத்துச் சமணர்களிடம் சென்று கேட்டுத் தெளிந்தார். 1887இல் அந்நூல் செம்மையாக வெளிவந்தது. கையில் கிடைத்தது எதுவாயினும், அதன் மரபறிந்தாரைக் கேட்ட பின்னரே தொடுதல் வேண்டும்.

ஆகவே அன்பர்களே, மூதாதையர் விட்டுச்சென்ற சுருள் உங்கள் இல்லத்தில் இருப்பின், அதனைத் திறவாதீர்கள். மேலுறையில் அச்சிட்ட எழுத்தைப் படியுங்கள். பெயர் 'குரோம்' என முடியின் பெரும்பாலும் ஸ்லைடு; 'கலர்' என முடியின் பெரும்பாலும் நெகட்டிவ். கழுவும் முறையின் குறியீடும் அங்கே இருக்கும். அதனை அறிந்து கழுவுவோரிடமே ஒப்படையுங்கள். அதுவரை வெப்பமும் ஈரமும் படாமல் காத்திடுங்கள்.

இன்று நம்மிடையே இல்லாத ஒருவரின் முகம் அதற்குள் இருக்கலாம். அதனை மீட்க நமக்கு வாய்ப்பது ஒரே முறை.

வாழ்க அறம்! வளர்க அருகன் நெறி!