பதிவேட்டில் இல்லாத பெயர்



பால்புதுமையின மாணவர்களுக்குக் கல்லூரி என்ன செய்ய வேண்டும் என்று பேசச் சொன்னீர்கள். நான் முப்பது ஆண்டு வகுப்பெடுத்தவன். என் குற்றத்திலிருந்தே தொடங்குகிறேன்.

முதலாண்டுப் பிள்ளை. பதிவேட்டில் ஆண் பெயர். அதை நான் வாசிக்கும்போதெல்லாம் வகுப்பில் ஒரு சிரிப்பலை. "ஐயா, வேற பேர் சொல்லிக் கூப்பிடுங்களேன்" என்று ஒருநாள் வராந்தாவில் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஆபீஸ்ல மாத்திட்டு வாம்மா" என்றேன். அந்த 'அம்மா'வையே பெரிய உபகாரமாக நினைத்துக்கொண்டேன். இரண்டாம் பருவத்தில் தொடர்ந்து ஆப்சென்ட். மூன்றாம் பருவப் பதிவேட்டில் அந்தப் பெயரே இல்லை. ஏன் என்று நான் விசாரிக்கவும் இல்லை.

அந்தத் தவறு எனக்கு உறைத்தது ஒரு வழக்கால். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்கள், ஒருவரையொருவர் நேசிப்பவர்கள், பாதுகாப்பு கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே இதில் தெளிவு போதாது என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளர்முன் மாணவராக உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் 2021 ஜூன் 7ஆம் தேதி ஆணை வந்தது. ஒரு நீதிபதியே மாணவராக உட்கார்ந்த செய்தி அறுபது வயதில் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அந்த ஆணை நம்மிடம் கேட்டவை என்ன? விண்ணப்பத்தில் திருநருக்கு ஒரு கட்டம். சான்றிதழில் பெயரும் பாலினமும் மாற்ற வழி. பாலினப் பாகுபாடில்லாத கழிப்பறை. இந்தப் பிள்ளைகளைப் புரிந்துகொண்ட ஆலோசகர். இதற்கென்ன கோடிகளா செலவாகும்?

ஆலோசகர் விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன். நம் ஊரில் ஆலோசனை என்றால், "அப்பாவைக் கூட்டிட்டு வா". நல்லெண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் தன்பாலீர்ப்புள்ள ஒரு பையன் நம்மை நம்பிச் சொன்னது அன்று மாலையே வீட்டுக்குப் போனால், மறுநாள் அவனுக்குப் பூட்டிய அறை. இல்லையென்றால், குணமாக்குகிறேன் என்று கிளம்பிய ஒரு வைத்தியர். பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் அப்படிப்பட்ட 'சிகிச்சை' தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022இல் சொல்லிவிட்டது. கேட்டதை வெளியே சொல்லாத வாய்தான் ஆலோசகரின் முதல் தகுதி. பட்டமெல்லாம் பிறகு.

கேலிக்கு எதிராகவும் விதி உண்டு. பாலீர்ப்பைச் சொல்லித் துன்புறுத்துவதும் ராகிங் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016இலேயே சேர்த்துவிட்டது. உங்கள் மாடிப்படியில் ஒட்டியிருக்கும் ராகிங் எதிர்ப்புச் சுவரொட்டியை வரும்போது நின்று படித்தேன். அந்த வரி மட்டும் இல்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1971இலேயே இந்த மாணவர்களுக்கென ஓர் அலுவலகம் திறந்தது. நம் மும்பை ஐஐடியில் மாணவர்களே 'சாத்தி' என்று குழு வைத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் இன்றைக்கே போக வேண்டாம். முதல்வர் அவர்களே, மூன்றே கோரிக்கைகள். சுவரொட்டியில் அந்த வரியை அச்சடியுங்கள். பெயர் மாற்ற விண்ணப்பத்தை எந்த ஜன்னலில் கொடுப்பது என்று அலுவலக வாசலில் எழுதி வையுங்கள். சான்றிதழ் மாறி வரும்வரை, வருகைப் பதிவேட்டில் பென்சிலாலாவது அந்தப் பிள்ளை சொன்ன பெயரை எழுதிக்கொள்ள ஆசிரியர்களுக்கு அனுமதி கொடுங்கள்.