அடங்க மறுக்கும் சுரங்கள்



இசைக்கருவி பழுதுற்றதென்றால் ஒலி எழவில்லை என்றே பொருள்கொள்வது நம் வழக்கம். பியானோவுக்கோ இதற்கு நேர்மாறான நோய் ஒன்றுண்டு. எழுந்த ஒலி அடங்க மறுத்துவிடும். விரலை எடுத்த பின்னும் முன்னைய சுரம் நின்றொலிக்க, அடுத்த சுரம் அதன்மேல் வந்து விழ, பாட்டு வெறுங் கூச்சலாகிவிடும். வீணையில் இத்தொல்லை இல்லை. வாசிப்பவர் விரலே தந்தியைத் தொட்டு ஒலியை அடக்கிவிடும். பியானோவிலே கைக்கும் தந்திக்கும் இடையில் ஒரு பொறி நிற்பதனால், அடக்கும் பணியும் பொறியின் பொறுப்பாயிற்று. 1700ஆம் ஆண்டளவில் புளோரன்சு நகரில் இக்கருவியை ஆக்கிய கிறிஸ்தோபோரி என்பார் அதற்கும் அன்றே வழிசெய்திருந்தார்.

அந்த உறுப்பின் பெயர் டாம்பர். தந்தியின்மேல் அமர்ந்திருக்கும் கம்பளி ஒட்டிய சிறு மரத்துண்டு அது. கட்டையை அழுத்தினால் எழும், விட்டால் விழும். கட்டைகள் 88 இருப்பினும் டாம்பர்கள் எழுபதுக்கு மேற்படுவது அரிது. உச்சத் தந்திகள் குறுகியவை. அவற்றின் ஒலி தானே மாய்ந்துவிடும். படுக்கைப் பியானோவில் ஒவ்வொரு டாம்பரையும் ஒரு மெல்லிய கம்பி தாங்குகிறது. தந்திகளுக்குக் கீழே உள்ள ஒரு மரச்சட்டத்தின் துளை வழியாக அக்கம்பி ஏறி இறங்கும். அத்துளையின் உட்புறத்தில் ஒட்டப்பட்ட கம்பளித் துணியே இன்று நாம் பேசும் பொருள்.

அத்துணி தேய்ந்தால் கம்பி ஆடும். டாம்பர் கோணலாக அமரும். துணி ஈரத்தால் வீங்கினாலோ கம்பி இறுகி, டாம்பர் மேலேயே நின்றுவிடும். இரண்டிலும் சுரம் அடங்காது. மருந்து மட்டும் வேறு. டாம்பரின் தலையை விரலால் சற்றே உயர்த்தி விட்டுப் பாருங்கள். தயங்கி இறங்கினால் இறுக்கம். விரைந்து விழுந்தும் பக்கவாட்டில் அசைந்தால் தேய்வு. தேய்வுக்கே புதுத் துணி வேண்டும். இதனை ஆராயாமல் தேங்காயெண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ விடுபவர் உளர். எண்ணெய் கம்பளியில் ஊறித் தூசியைப் பற்றிக்கொள்ளும். பின்னர் துணியை எடுத்தெறிவதைத் தவிர வேறு வழியிராது.

அம்பிட்டியக் குன்றிலுள்ள எமது பாடசாலை மண்டபத்தில் அத்தகைய பியானோ ஒன்று உண்டு. உதவி பெறும் பாடசாலைகளை 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் கீழ் அரசாங்கம் பொறுப்பேற்றபோது மேசை நாற்காலிகளோடு எம்மிடம் வந்து சேர்ந்தது. ஆண்டுப் பொருட் கணக்கெடுப்பிலே 'பாவனைக்கு உதவாதது' என்று எழுத இருந்தார்கள். அவ்வாறு எழுதிவிட்டால் ஏலந்தான். மேலைத்தேய சங்கீதம் பயிலும் பிள்ளைகள் மேசையில் விரலோட்ட வேண்டியதுதான். சில சாண் துணிக்காக ஒரு கருவியைக் கொல்வதோ என்று கணக்கெடுக்க வந்தோரிடம் ஓராண்டுத் தவணை கேட்டேன்.

வேலை பொறுமையை வேண்டுவது, பெருஞ்செலவை வேண்டுவதன்று. கட்டைத் தொகுதியை வெளியே இழுத்தபின், கம்பியின் அடியைப் பிடித்திருக்கும் சிறு திருகாணியைத் தளர்த்தி டாம்பரை மேலே உருவ வேண்டும். ஒவ்வொன்றும் தன் தந்திக்கென்றே அமைந்ததாதலின் வரிசை எண் இடுவது இன்றியமையாதது. கம்பியை வளைத்துவிடலாகாது. பழைய துணியைச் சுடுநீரால் நனைத்தால் விலங்குப் பசை இளகும், துணி கழன்றுவரும். புதுத் துணியை நாடாவாக வெட்டி, ஒரு முனையைக் கூராக்கித் துளையில் செலுத்தி இழுக்க வேண்டும். துளைக்குள் நிற்கப்போகும் பகுதியின் வெளிப்புறத்தில் மட்டும் சிறிது பசை தடவி, இன்னும் கொஞ்சம் இழுத்து, மிகுதியை அலகினால் அறுத்துவிடலாம். பசை காயும்வரை கம்பியினும் சற்றே பருத்த வழவழப்பான ஊசி துளையில் நிற்கட்டும். காய்ந்தபின் கம்பி தன் பாரத்தினாலேயே விழவேண்டும்.

கண்டிச் சீமையில் இதற்கு மேலும் ஒரு சங்கடம் உண்டு. தை மாசி வறட்சியில் அளவாக அமைந்த துணி ஐப்பசி மழையில் வீங்கும். ஆகவே இங்கே ஒரு மயிரிழை தளர்வாக விடுவதே தகும். ஐரோப்பியக் கைந்நூல்கள் கூறும் அளவை அப்படியே கொள்வதற்கில்லை. நாங்கள் மாசியில் பணியை முடித்தோம். ஐப்பசியில் மூன்று கம்பிகள் இறுகின. அவற்றை மட்டும் உருவி, உருண்டையான எஃகு ஊசியால் துணியை அழுத்திப் படியவைத்து, மறுநாட் காலை இறைவணக்கத்துக்குமுன் திரும்பப் பூட்டினோம்.