நுண்ணோக்கியைக் கையாளும் முறை

நம் பள்ளிகளின் அறிவியல் அறைகளிலே, துணியுறை போர்த்தி அலமாரிக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கும் கருவி ஒன்று உண்டு. மாணவர் அதனை மைக்ராஸ்கோப் என்பர். தமிழில் நுண்ணோக்கி என்போம். மேலதிகாரி பார்வையிட வரும் நாளில் அது மேசைமீது ஏறும். மறுநாள் அலமாரிக்குத் திரும்பும். 35 ஆண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்த நான் இதனைப் பல ஊர்களிலும் கண்டிருக்கிறேன். மாணவர் தொட்டால் வில்லை உடைந்துவிடும் என்பதே இதற்குக் கூறப்படும் காரணம். அது பொருந்துமா என்பதை, கருவியின் உறுப்புகளையும் அதனைக் கையாளும் முறையையும் கேட்டபின் நீங்களே முடிவு செய்யலாம்.

பூதக்கண்ணாடியில் இருப்பது ஒரே வில்லை. கூட்டு நுண்ணோக்கியிலோ, ஒரு குழலின் இரு முனைகளிலும் உள்ள வில்லைகள் கூடி வேலை செய்கின்றன. கீழ்முனையிலுள்ள பொருளருகு வில்லை பொருளின் பெரிய உருவத்தைக் குழலுக்குள் தோற்றுவிக்கிறது. மேல்முனையிலுள்ள கண்ணருகு வில்லை அவ்வுருவத்தை மேலும் பெருக்கிக் காட்டுகிறது. ஆதலால், 10 மடங்கு பெருக்கும் கண்ணருகு வில்லையும் 40 மடங்கு பெருக்கும் பொருளருகு வில்லையும் சேர்ந்தால் 400 மடங்கு பெருக்கம் கிட்டும். 4, 10, 40 மடங்கு பெருக்கும் பொருளருகு வில்லைகள் ஒரு சுழல்தட்டில் பொருத்தப்பட்டிருக்கும். அதற்குக் கீழே நடுவில் துளையுடைய மேடை. மேடைக்கு அடியில் ஒளியைத் திரட்டும் குவிப்பான். ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் ஓர் இடைத்திரை. அதற்கும் கீழே வானத்து ஒளியை மேல்நோக்கித் திருப்பும் ஆடி. புதிய கருவிகளில் ஆடியின் இடத்தில் மின்விளக்கு இருக்கும். பக்கத்தில் இரு திருகுகள்: விரைந்த அசைவுக்குப் பெருந்திருகு, நுண்ணிய அசைவுக்குச் சிறுதிருகு.

இனி, ஒரு வெங்காயத்தை அரிந்து, உட்செதில் ஒன்றின் உட்புறத்து மெல்லிய தோலை உரித்தெடுங்கள். கண்ணாடிச் சில்லில் ஒரு துளி நீரிட்டு, அதில் தோலைச் சுருக்கமின்றி விரித்து, நீர்த்த அயோடின் ஒரு துளி விடுங்கள். மூடுசில்லை ஓரமாகச் சாய்த்து மெல்ல இறக்குங்கள். நேராகப் போட்டால் காற்றுக்குமிழிகள் சிக்கிக்கொள்ளும். கரிய விளிம்புடைய அக்குமிழிகளையே உயிரணு என்று வரைந்து காட்டும் மாணவர் உண்டு.

முதலில் 4 மடங்கு வில்லையையே திருப்புங்கள். தெருவைக் காணாமல் வீட்டைத் தேட இயலாதன்றோ? பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொண்டே வில்லையையும் சில்லையும் நெருங்கச் செய்யுங்கள். பிறகு கண்ணை வைத்து, இரண்டும் விலகும் திசையிலேயே பெருந்திருகைத் திருப்புங்கள். உருவம் தெளிவடைந்ததும் அடுத்த வில்லைக்குச் செல்லலாம். 40 மடங்கு வில்லைக்கும் சில்லுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகவே அங்கே சிறுதிருகை மட்டுமே தொடவேண்டும். இவ்வொழுங்கு கைக்குப் பழகிவிட்டால் வில்லை உடைவது அரிது. நேர்வெயிலை நோக்கி ஆடியைத் திருப்புவது மட்டும் கூடவே கூடாது. அது கண்ணுக்குக் கேடு.

இப்போது செங்கற்சுவர் போல அடுக்கடுக்காய் உயிரணுக்கள் தோன்றும். ஒளியைச் சிறிது குறைத்தால் அவற்றின் சுவர்களும் உட்கருவும் துலங்கும். உருவம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும் என்பதை மாணவருக்குச் சொல்லிவிடுங்கள். செய்தித்தாளிலிருந்து ‘ப’ என்னும் எழுத்தை வெட்டி வைத்தால், அதன் திறந்த வாய் கீழ்நோக்கியிருக்கும். சில்லை வலப்புறம் நகர்த்தினால் உருவம் இடப்புறம் ஓடும்.

விலையுயர்ந்த புதுக்கருவி இருந்தால்தான் இவையெல்லாம் இயலும் என்பாரும் உளர். அவர்களுக்கு ரொனால்டு ராஸ் அவர்களை நினைவூட்ட விரும்புகிறேன். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியின் வளர்நிலையை அவர் கண்டறிந்தார். அந்நாளில் தம் நுண்ணோக்கியின் திருகுகள் வியர்வையால் துருப்பிடித்திருந்தன என்றும், எஞ்சியிருந்த ஒரே கண்ணருகு வில்லையிலும் விரிசல் கண்டிருந்தது என்றும் அவரே எழுதியிருக்கிறார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பொறுமையாக உற்று நோக்கும் கண், பழுதுற்ற கருவியைக்கொண்டும் உலகுக்குப் பயன்பட்டது.

பூட்டி வைத்தால் கருவி பிழைக்கும் என்பதும் உண்மையன்று. ஈரக்காற்றுள்ள நம் ஊர்களில், திறவாத அலமாரிக்குள் வில்லைமீது பூஞ்சணம் படரும். நாளடைவில் கண்ணாடியே அரிக்கப்பட்டு மங்கிவிடும். பிள்ளைகள் தொட்டு உடைந்தால் ஒரு வில்லைதான் போகும். பூட்டி வைத்தாலோ கருவியும் போகிறது. கண்டறியும் வாய்ப்பும் பிள்ளைகளுக்குப் போகிறது. புத்தகப் படத்தைப் பார்த்து உயிரணுவை வரைந்தவன் மதிப்பெண் பெறுவான். தன் கண்ணால் கண்டு வரைந்தவன், பிறர் சொல்வதையும் சோதித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வான். ஆசிரிய அன்பர்களே, அலமாரியின் சாவி உங்கள் கையில் இருக்கிறது. பெற்றோர்களே, இன்று நுண்ணோக்கியில் என்ன கண்டாய் என்று உங்கள் பிள்ளையை ஒருநாள் கேட்டுப் பாருங்கள். அக்கேள்வி பள்ளிவரை சென்று சேரும்.