பாலம் கட்டிய பணமும் பராமரிப்புப் பணமும்

(சங்கக் கூட்டத்தில் பேசியது)



"திருநெல்வேலி போய் வந்ததைப் பற்றி அஞ்சு நிமிஷம் பேசுங்க சார்" என்றார் செயலாளர். அல்வாவைப் பற்றி இல்லை, பயப்படாதீர்கள். கல்யாணத்துக்குப் போன இடத்தில், மறுநாள் காலை நானும் வீட்டுக்காரம்மாவும் சுலோசன முதலியார் பாலத்தை நடந்தே கடந்தோம்.

திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவில் தாமிரபரணி ஓடுகிறது. அந்தக் காலத்தில் படகில்தான் கடக்க வேண்டும். கலெக்டர் ஆபீசில் சிரஸ்ததாராக இருந்த சுலோசன முதலியார், சுமார் 50,000 ரூபாய் சொந்தப் பணம் போட்டு 1843இல் பாலத்தைக் கட்டி முடித்தார். மனைவியின் நகைகளும் அதில் போயின என்று ஊரில் சொல்கிறார்கள். 11 வளைவுகள். கீழே படித்துறையில் இறங்கி நின்று பார்த்தால்தான் அதன் அழகு தெரியும். மேலே நின்றால் ஹாரன் சத்தம்தான்.

பின்னால் வெள்ளத்தில் சேதமாகிப் பழுது பார்த்திருக்கிறார்கள், அகலப்படுத்தியிருக்கிறார்கள். அதனால்தான் இன்றைக்கும் அதில் வண்டி ஓடுகிறது. வங்கியில் லெட்ஜர் எழுதியவன் புத்தி எங்கே போகும்? கட்டியவர் பெயர் பாலத்துக்கே இருக்கிறது, பழுது பார்த்த பணம் எந்தக் கணக்கில் வந்தது என்றுதான் யோசித்தேன்.

இதற்கு முன்கூட்டியே வழி செய்து வைத்தவர் ஒருவர் நம் சென்னையில் இருந்தார். கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர். 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 30,000 வராகன் செலவில் மர்மலாங் பாலத்தைக் கட்டினார். அதோடு, பராமரிப்புக்கென்று தனியாக 1,500 வராகன் ஒதுக்கினார். நூற்றுக்கு ஐந்து! அந்தப் பாலம் 200 வருஷத்துக்கு மேல் உழைத்தது. 1960களில்தான் அந்த இடத்தில் மறைமலை அடிகள் பாலம் வந்தது.

நம் கதைக்கு வருகிறேன். பூண்டியில் உபரி நீர் திறந்தால் கொசஸ்தலை ஆறு நம்மைத் தேடி வரும். 2015, 2021 யாருக்கும் மறந்திருக்காது. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து சிமென்ட் பெயர்கிறது. மோட்டார் ரூமில் தண்ணீர் புகுந்த பிறகு வீடு வீடாக வசூலுக்குப் போனால், தரைத்தளம் உடனே கொடுக்கிறது, மூன்றாம் மாடி "பார்க்கலாம்" என்கிறது.

20 லட்ச ரூபாய் வீட்டுக்கு உஸ்கான் கணக்கில் ஒரு லட்சம். ஒரே தடவையாகக் கேட்டால் என்னை ஆற்றில் தள்ளிவிடுவீர்கள். மாதம் 500 என்றால் 200 மாதம். வட்டி சேர்ந்தால் இன்னும் குறையும். மாதப் பராமரிப்போடு கலக்காமல் தனிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, பணம் வைப்புத்தொகையில். வாடகை வீடாக இருந்தால் உரிமையாளர்தான் கட்ட வேண்டும், குடியிருப்பவரைக் கேட்பது நியாயமில்லை.

தீர்மானமாக எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். மழைக்கு முன்னால் பொதுக்குழுவில் எடுத்துக்கொள்ளுங்கள்.