மூக்குக் கண்ணாடியும் அரசாங்கக் கணக்கும்



வைத்தியத்தை அரசாங்கம் இலவசமாக அளித்தால் ஜனங்கள் வேண்டியதற்கும் வேண்டாததற்கும் வந்து குவிவார்கள், கஜானா காலியாகிவிடும் என்று அஞ்சுவோர் எந்த நாட்டிலும் உண்டு. இந்த அச்சம் எவ்வளவு தூரம் சரி என்பதை பிரிட்டன் தன் சொந்தச் செலவிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறது.

1948-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி அங்கே தேசிய சுகாதாரச் சேவை ஆரம்பமாயிற்று. டாக்டர், ஆஸ்பத்திரி, மருந்து, பல், கண் ஆகிய யாவற்றிற்கும் செலவு பெரும்பாலும் வரிப் பணத்தினின்றே; சிகிச்சை பெறும் வேளையில் நோயாளி காசு தர வேண்டியதில்லை. இதை நிறைவேற்றிய சுகாதார மந்திரி அனைரின் பெவன், வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன். தாமும் சிறு வயதிலேயே சுரங்கத்தில் இறங்கியவர். அவர் பிறந்த ட்ரெடிகர் என்னும் ஊரில் தொழிலாளர்கள் கூலியில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கித் தங்களுக்கென வைத்திய உதவிச் சங்கமொன்றை நடத்தி வந்தார்கள். அதைக் கண்டு வளர்ந்தவர் அவர்.

சேவை தொடங்கியதும் கூட்டம் திரண்டது மெய்தான். முதலாண்டிலேயே ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட மூக்குக் கண்ணாடிகள் வழங்கப்பட்டன. மதிப்பிட்டிருந்த தொகை போதவில்லை.

ஆனால் வந்தவர்கள் யார்? 1911-ஆம் ஆண்டின் இன்ஷூரன்ஸ் சட்டம் கூலி பெறும் தொழிலாளிக்கு டாக்டர் உதவி அளித்ததேயன்றி, அவன் மனைவி மக்களுக்கு அளிக்கவில்லை. பிள்ளைப்பேற்றின்பின் கருப்பை இறங்கி, அந்த வேதனையோடே வருஷக்கணக்கில் வீட்டுவேலை செய்த தாய்மார்கள் வந்தார்கள். கடையில் குவித்திருந்த மலிவுக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்து, ஓரளவு தெளிவாய்த் தெரிவதை வாங்கிக் காலந்தள்ளிய முதியவர்கள் வந்தார்கள். இவர்களுடைய துன்பம் பழையது. 1948-இல் அது அரசாங்கக் கணக்கில் ஏறிற்று, அவ்வளவே.

1951-இல் கொரிய யுத்தத்தையொட்டி ஆயுதச் செலவு பெருகவே, நிதி மந்திரி கெய்ட்ஸ்கெல், கண்ணாடிக்கும் பொய்ப்பற்களுக்கும் பாதி விலையை நோயாளியே தர வேண்டும் என்றார். அப்போது தொழில் மந்திரியாயிருந்த பெவன் பதவியைத் துறந்தார். அவரைக் கோபக்காரர் என்பார்கள். இந்த விஷயத்தில் அவர் கோபம் நியாயமானதே என்பது என் அபிப்பிராயம். அடுத்த ஆண்டு மருந்துச் சீட்டுக்கும் ஒரு ஷில்லிங் கட்டணம் வந்தது.

செலவு கட்டுக்கு மீறுகிறதா என்று ஆராய 1953-இல் கன்சர்வேடிவ் அரசாங்கம் ஒரு குழுவை நியமித்தது. கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் கில்லெபோ அதன் தலைவர். வீண்செலவுகள் வெளிப்படும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு 1956-இல் வெளியான அறிக்கை ஏமாற்றமளித்தது. நாட்டின் மொத்த வருமானத்தில் இச்சேவைக்குச் சென்ற பங்கு 1949-50-இல் நூற்றுக்கு 3¾, 1953-54-இலோ 3¼. கட்டணங்களும் இதற்குச் சிறிது உதவியிருக்கலாம். எனினும், பவுன் கணக்கில் ஏறிய செலவு, நாட்டின் வருமானத்தோடு ஒப்பிடும்போது இறங்கியே இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டடங்களுக்குச் செலவிட்டது போதாது என்றுகூட அக்குழு கூறிற்று.

ஆயினும் மருந்துக் கட்டணம் லேசில் மறையவில்லை. 1965-இல் நீக்கப்பட்டு, 1968-இல் மீண்டும் வந்தது. பெவனின் தாயகமான வேல்ஸ் 2007-இல் அதை ஒழித்தது. இங்கிலாந்தில் குழந்தைகள், முதியோர் முதலிய பலருக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் இன்றும் செலுத்தியே மருந்து பெறுகிறார்கள்.