தேடும் சொல்லும் தேர்தல் விளம்பரமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இளைஞர்க்குப் பயன்படும் பொருள் ஒன்றைப் பேசுமாறு செயலாளர் பணித்தார். வாக்குச் சாவடிக்குச் செல்லுமுன் நம் பிள்ளைகள் செல்லும் இடம் ஒன்று உண்டு. அது கைப்பேசியில் உள்ள கூகுள் தேடுபொறி. அங்கு நடைபெறும் வாணிகம் ஒன்றைப் பற்றியே பேச விழைகிறேன்.

கண்மாய் மீன் ஏலம் நாம் அனைவரும் அறிந்ததே. கூகுளிலும் ஏலம் நடக்கிறது. அங்கே ஏலப் பொருள் சொல். ‘பஞ்சமி நிலம்’ என்று ஒருவர் தட்டுகிறார் என வைத்துக்கொள்வோம். அச்சொல்லுக்கு முன்னதாகவே விலை கூறி வைத்த கட்சி ஒன்று இருப்பின், அதன் விளம்பரம் மற்ற விடைகளுக்கு மேலே வந்து நிற்கக்கூடும். கூறிய விலையோடு, கேட்ட வினாவுக்கு விளம்பரம் எத்துணைப் பொருத்தமானது என்பதும் கணக்கிடப்படும். கண்ணிமைக்கும் நேரத்தில் ஏலம் முடிந்துவிடும். பெரும்பாலும், தொட்டுத் திறந்தால்தான் கட்டணம். சுவரொட்டியோ வழியில் போவோர் வருவோர் அனைவர்க்கும் பொது. இதுவோ ஐயம் எழுந்து வினவுகின்றவனை, அவன் வினவும் அக்கணத்திலேயே பற்றிக்கொள்கிறது. மாணவன் கேள்வி கேட்கும் வேளையே பாடம் பதியும் வேளை என்பது ஆசிரியர்க்குத் தெரியும். விளம்பரக்காரர்க்கும் தெரிந்திருக்கிறது!

2017இல் பிரிட்டனில் பொதுத் தேர்தல். முதியோர் பராமரிப்புச் செலவு பற்றி ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சி அறிவித்த திட்டத்தை எதிர்ப்பாளர்கள் ‘மறதிநோய் வரி’ என்று இகழ்ந்தனர். அந்த வசைச் சொல்லுக்கே அக்கட்சி விளம்பரம் வாங்கியது. வசையைத் தேடியவர் கண்முன் ஆளுங்கட்சியின் விளக்கம் வந்து நின்றது. 2019இல் இதனினும் ஒருபடி மேலே சென்றனர். எதிர்க்கட்சியான லேபர் கட்சியின் தேர்தல் அறிக்கை என்ற பெயரிலேயே ஒரு தளம் அமைத்து, அதற்குக் கூகுளில் விளம்பரமும் செய்தனர்.

நம் நாட்டு நிலை என்ன? நான் அரசு ஊழியன். கட்சி பேசேன், கணக்கை மட்டும் சொல்கிறேன். 2018 மே முதல் 2024 ஏப்ரல் வரை, யூடியூப் உள்ளிட்ட கூகுள் விளம்பரங்களுக்குப் பாரதீய ஜனதா 100 கோடி ரூபாய்க்கு மேலும், காங்கிரஸ் ஏறத்தாழ 45 கோடியும், திராவிட முன்னேற்றக் கழகம் ஏறத்தாழ 42 கோடியும் செலவிட்டன. தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளரின் செலவுக்கு 2022இல் 40 லட்சம் ரூபாய் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. கட்சியின் செலவுக்கோ வரம்பே இல்லை.

ஒரு மனிதர்க்கு ஒரு வாக்கு, ஒவ்வொரு வாக்குக்கும் ஒரே மதிப்பு என்னும் அரசியல் சமத்துவத்தை 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எடுத்துரைத்த அண்ணல் அம்பேத்கர், சமுதாயத்திலும் பொருளாதாரத்திலும் அச்சமத்துவம் இல்லாமையையும் சுட்டிக்காட்டினார். வாக்குச் சாவடியில் நம் விரல் மைக்கும் செல்வந்தர் விரல் மைக்கும் வேறுபாடில்லை. சொல் ஏலத்திலோ பணமுடையோர் மட்டுமே நிற்க முடியும்.

2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயலில் நம் மக்கள் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமையை நாடறியும். அவ்வூர்ப் பெயரும் தேடுபொறிக்கு ஒரு சொல்லே. அச்சொல்லை எவரும் வாங்கினார் என நான் கூறவில்லை. ஆனால் துயரம் நம்முடையது. அதனைத் தேடி வருவோர்க்கு முதல் விடை யாருடையதாக இருக்கும்?

2020 முதல் தேர்தல் விளம்பரங்களை வயது, பால், அஞ்சல் குறியீட்டு அளவிலான இருப்பிடம் ஆகியவற்றைக் கொண்டே குறிவைக்கக் கூகுள் இடமளிக்கிறது. தேடும் சொல்லுக்குத் தடையில்லை. எனவே கந்தர்வகோட்டை தனித்தொகுதியின் ஓர் அஞ்சல் எல்லைக்கு மட்டும் ஒரு விளம்பரம் வரலாம். சென்னையில் இருப்போர் அதைக் காணவே மாட்டார்கள்.

விடையின் மேல் ‘ஸ்பான்சர்டு’ என்ற சிறு சொல் இருந்தால் அது காசு கொடுத்து வாங்கிய இடம். யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்பதைக் கூகுளின் விளம்பர வெளிப்படைத்தன்மைப் பக்கத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். நம் ஊரில் எச்சொல்லுக்கு எவர் விளம்பரம் வருகிறது என்பதை நாமே தட்டிப் பார்க்க வேண்டும். தேர்தல் காலத்தில் சங்கப் படிப்பகத்தில் ஒரு குறிப்பேடு வைத்து, நாள், சொல், விளம்பரம் தந்தவர் பெயர் ஆகியவற்றை நம் பட்டதாரி இளைஞர்கள் எழுதி வரலாம். செயலாளர் இசைந்தால் குறிப்பேட்டை நானே வாங்கித் தருகிறேன்.