பல்லுக்கு எந்த கேப்?
(மேட்டுப்பாளையம் குழுக் கூட்டத்தில் பேசியதன் தொகுப்பு)



பிள்ளைக்குப் பல்வலி என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். நமக்கு வந்தால் கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்க்கிறோம். சொத்தை ஆழமாகப் போன பிறகு வேர் சிகிச்சை செய்து, கேப் போடச் சொல்கிறார்கள். "வலிதான் போயிடுச்சே, பணம் சேரட்டும்" என்று பலர் விட்டுவிடுகிறோம். வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல் மெல்லும்போது பிளந்துவிடலாம். அப்புறம் பிடுங்க வேண்டியதுதான். செய்த செலவும் வீண்.

கேப்பில் பொதுவாகப் போடுவது மூன்று வகை. முழு உலோக கேப் வெள்ளி நிறத்தில் இருக்கும். விலை குறைவு, எளிதில் உடையாது, பல்லையும் அதிகம் செதுக்க வேண்டாம். அடுத்தது, உள்ளே உலோகமும் மேலே பீங்கானும் உள்ளது. பல் நிறத்தில் இருக்கும். ஆனால் பீங்கான் பெயரலாம். ஈறு இறங்கினால் ஓரத்தில் கருப்புக் கோடு தெரியலாம். மூன்றாவது ஜிர்கோனியா. பல் நிறம், நல்ல உறுதி, விலை அதிகம்.

விலை கூடினால்தான் திருப்தி என்று நினைக்காதீங்க. சிரித்தால் தெரியும் பல்லுக்கு நிறம் முக்கியம். உள்ளே இருக்கும் கடைவாய்ப் பல்லுக்கு மெல்லும் பலம்தான் முக்கியம். அங்கே பீங்கானுக்காகக் காத்திருந்து பல்லை இழப்பதைவிட, உலோக கேப்பை உடனே போடுவது மேல்.

கவரிங் தோடு போட்டால் காது அரிக்கிறதா? அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். சில உலோக கேப்களிலும் நிக்கல் உண்டு. டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேப் போட்ட பிறகு, வாயை மூடும்போது அந்தப் பல் மட்டும் இடித்தால் "பழகிடும்" என்று இருக்க வேண்டாம். திரும்பப் போய்ச் சரிசெய்யச் சொல்லுங்கள். கேப் சொத்தையாகாது, அதன் ஓரத்தில் இருக்கும் நம் பல் சொத்தையாகும். தினமும் இரண்டு வேளை ஈறு ஓரம் வரை பிரஷ் போடுங்கள்.

நமக்குப் பக்கத்தில் கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலில் அங்கே காட்டி, எந்தப் பல்லுக்கு எது பொருந்தும், என்ன செலவாகும் என்று விசாரியுங்கள். கையில் பணம் இல்லையென்றால் குழுவில் கேளுங்கள். பிள்ளையின் படிப்புக்குக் கடன் கேட்கும்போது நாம் கூச்சப்படுவதில்லை. நம் பல்லுக்குக் கேட்கவும் கூச்சம் வேண்டாம்.